அடித்துவிட்ட விடை

வியாழன், இரவு.

நர்சிங் படிப்பின் மெடிக்கல் சர்ஜிக்கல் பேப்பரை இன்று இரண்டாம் தடவையாக எழுதினேன். இந்தத் தடவையும் தேற மாட்டேன். மூச்சுத் திணறும் நோயாளிக்கு முதலில் என்ன செய்வாய் என்று ஒரு கேள்வி. கொடுத்திருந்த நாலு விடையும் வார்டில் தினமும் செய்கிறதுதான். 'நிமிர்த்தி உட்கார வைப்பேன்' என்பதற்கு டிக் போட்டேன். இவ்வளவு லேசாகவா கேட்பார்கள் என்று சந்தேகம் வந்தது. அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, 'டாக்டரைக் கூப்பிடுவேன்' என்று மாற்றினேன். அதற்குப் பிறகு எல்லாக் கேள்வியிலும் இதே கதைதான்.

சாயங்காலம் உவரியிலிருந்து அம்மா போன் பண்ணினாள்.

"ஏட்டி, அப்பாவுக்கு மூச்சு வாங்குது. என்ன செய்ய?"

"தலகாணிய முதுகுக்கு முட்டுக் குடுத்து, நிமிர்த்தி உக்கார வையிம்மா." நான் யோசிக்கவே இல்லை.

போனை வைக்காமல் காத்திருந்தேன். பைய அப்பாவுக்கு மூச்சு வாங்குவது குறைந்தது. நாளைக்குக் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். பரீட்சை எப்படி என்று அம்மா கேட்டாள். நல்லா எழுதியிருக்கேன் என்று சொல்லிவிட்டேன்.

போனில் அம்மாவுக்குப் பின்னாலிருந்து அப்பா யாரிடமோ, "எம் மவ சொன்ன வைத்தியம்லா வே" என்பது கேட்டது.

அந்த வைத்தியத்தைத்தான் மத்தியானம் நான் அடித்துவிட்டு வந்தேன்.