அடுக்கு ஊமத்தை

சேசு மரி சூசை துணை

ஏலாக்குறிச்சி
12-7-1945

அன்புள்ள தங்கை தெரசம்மாளுக்கு, அண்ணன் இருதயநாதன் எழுதுவது.

நான் சுகம். நீயும் மாப்பிள்ளை ஆரோக்கியசெல்வமும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். உன் அண்ணி ஞானப்பூவுக்குத்தான் சுகமில்லை. கால் வீக்கம் இடுப்புவரை ஏறிவிட்டது. அரியலூர் டாக்டர் மருந்தைக் குறைத்து, ஜெபத்தைக் கூட்டச் சொன்னார்.

உன் குழந்தை லீலா மேரி நம்மை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகிவிட்டது. ஈஸ்டருக்கு இங்கே வந்து நீங்கள் திரும்பிய மறுநாள், அவள் வாந்தியில் ஊமத்தை விதை கிடந்தது. ஞானப்பூ அழகுக்காக எங்கள் முற்றத்தில் வளர்த்த அடுக்கு ஊமத்தை. ஊதா நிறத்தில், பாவாடைக்குள் பாவாடை போல மூன்று அடுக்கு. செய்தி வந்த அன்றே எல்லாச் செடியையும் பிடுங்கி எரித்தாள். ஆனால் முள்காய் வெடித்துச் சிதறிய விதை சும்மா இருக்குமா? வருடம் முழுக்கப் பள்ளிக்கு வராத பையன் பரீட்சையன்று வந்து நிற்பானே, அதுபோல முளைக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் முழங்காலில் நின்று பிடுங்கினாள். இப்போது முடியவில்லை. கட்டிலில் படுத்தபடியே, "அதோ ஒண்ணு, தொட்டி ஓரம் பாருங்க" என்று எனக்குக் காட்டுகிறாள்.

உன்னை ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். வா அம்மா.

அன்பு மாறாத அண்ணன்,
இருதயநாதன்


வரதராஜன்பேட்டை
24-7-1945

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணிக்காகப் பூசை வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள். அந்த முற்றத்தில் கால் வைத்தால், என் பிள்ளை எந்த இடத்தில் நின்று பறித்தாள் என்றுதான் கண் தேடும். "அத்தை வூட்டுப் பூ, அத்தை வூட்டுப் பூ" என்று வண்டியில் வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தாள். காயையும் பாவாடையில் முடிந்து வந்திருப்பாள். விஷம் என்று தெரிந்த செடியைக் குழந்தை வந்துபோகும் வீட்டில் எதற்கு வைத்தார்கள்? இதை அண்ணியிடமே கேளுங்கள்.

இங்கே நல்ல மழை. உள்ளறையில் நெல் கொட்டும் மண் குதிர் விரிசல் விட்டுவிட்டது. இவர் அதை உடைத்து, மண்ணைக் கொல்லையில் கொட்டினார். எனக்கு அந்த அறைப்பக்கம் போவதே பிடிப்பதில்லை.

தெரசம்மாள்


ஏலாக்குறிச்சி
28-9-1945

அன்புள்ள தெரசா,

பதில் எழுத இத்தனை நாளானதற்குப் பொறுத்துக்கொள். உன் கடிதத்தை ஞானப்பூவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தக் கேள்வியைத் தாண்டிவிடப் பார்த்தேன். "முழுசா படிங்க வாத்தியாரே" என்றாள். படித்தேன். "மேல படிங்க" என்றாள்.

குதிர் உடைந்த செய்திக்குத்தான் பதறிவிட்டாள். "மண்ணக் கொல்லையிலயா கொட்டுனாங்க? அய்யோ, தெரசா பார்த்துடுவாளே!" எதை என்று கேட்டேன். சொல்லவில்லை. "அது என் மேலயே இருந்துட்டுப் போவுது. நான்தான் போறேனே" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உனக்கு விளங்குகிறதா?

அண்ணன்


வரதராஜன்பேட்டை
10-10-1945

அண்ணா,

கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். குதிர் மண் குவியலில் மூன்று செடி. ஒன்று பூத்திருக்கிறது. ஊதா. மூன்று அடுக்கு.

அந்த ஈஸ்டருக்கு அண்ணியிடம் விதைக்குக் காய் கேட்டது நான். "வேணாம் தெரசா, புள்ள இருக்கிற வூடு" என்றார்கள். பிடிவாதம் பிடித்து வாங்கினேன். இவர் பார்த்தால், "சிவன் கோயில் பூ நம்ம வூட்டுக்கு எதுக்குடி?" என்பார். "குதிருக்குப் பின்னால ஒளிச்சு வச்சிக்கிறேன் அண்ணி" என்று சிரித்துக்கொண்டே முந்தானையில் முடிந்து வந்தேன். அப்படியே தரையோரம் வைத்தேன். பெரியவர்கள் கண்ணில் படாத இடம். நாலு வயதுப் பிள்ளை தவழ்ந்து நுழையும் இடம்.

அவள் போன பிறகு அங்கே கையை விட்டுப் பார்க்கவே இல்லை. காய் இருக்காது, அவள்தான் எடுத்துத் தின்றிருப்பாள் என்று பயந்தேன். பழியை அண்ணிமேல் போட்டால்தான் எனக்கு மூச்சு விட முடிந்தது. அண்ணிக்கு எல்லாம் தெரியும். இத்தனை நாள் உங்களிடம்கூடச் சொல்லவில்லையே.

இவரிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். "ஞாயித்துக்கிழம வண்டி பூட்டித் தரேன்" என்றார்.

இதை அண்ணிக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒரு வரிகூட விடாதீர்கள். நான் வரும்வரை இருக்கச் சொல்லுங்கள்.

தெரசா


ஏலாக்குறிச்சி
12-10-1945

தெரசா,

ஞாயிறன்று ஒன்றும் தெரியாமல் நீ வாசலில் வந்து நிற்கக் கூடாது. அதனால் பக்கத்து வீட்டுக் கண்ணையனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஞானப்பூ நேற்று விடியற்காலை போய்விட்டாள். இன்று காலை அடக்கம். உனக்கு ஆள் அனுப்பவில்லை. எப்படியும் நீ வரமாட்டாய் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கேள்வியைப் படிக்காமல் விடை எழுதும் பிள்ளைகளை எத்தனை முறை கண்டித்திருக்கிறேன். நானே அதைச் செய்துவிட்டேன்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது தபால்காரர் உன் கடிதத்தோடு நின்றார். அவள் கட்டில் பக்கம் உட்கார்ந்து சத்தமாக வாசித்தேன். ஒரு வரிகூட விடவில்லை.

உன்மேல் கோபம் இருக்கிறது. மறைக்கமாட்டேன். அவள் முழங்கால் தேய்ந்ததைப் பார்த்தவன் நான். ஆனால் உனக்காக அவள் மூடிய வாயை நான் திறந்து உன்னைத் திட்டினால், அவள் பட்டது வீணாகிவிடும்.

போன வாரம் இங்கே மழை பெய்தது. தொட்டி ஓரம் ஒன்று முளைத்திருக்கிறது. இன்னும் எங்கெங்கே இருக்கிறதோ, என் கண்ணுக்குத் தெரியவில்லை. காட்ட ஆள் இல்லை.

ஞாயிறு வா. நீ காட்டு, நான் பிடுங்குகிறேன்.

அண்ணன்,
இருதயநாதன்