மருந்தைத் தள்ளாத என் அக்காவுக்கு

என் எஸ்தரக்கா, என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவளே,

நீ போய் நான்கு வருடம் ஆகப்போகிறது. இந்த நான்கு வருடத்தில் உன்னைப் பற்றி நான் ஊரெல்லாம் பேசியிருக்கிறேன். உன்னிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் நீ ஏதாவது திருப்பிக் கேட்டுவிடுவாயோ என்று பயம்.

ஆஸ்டின் டவுனில் அதே வீடு, அதே தையல் மெஷின். மாறியது ஒன்றுதான். வெள்ளைப் புடவையை விட்டுவிட்டேன். இப்போது கட்டியிருப்பது பச்சையில் மஞ்சள் கட்டம் போட்டது. முதல் நாள் கட்டிக்கொண்டு குழாயடிக்குப் போனபோது தெருவே குடத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தது. ஏன் என்று ஆளாளுக்கு ஒன்று பேசிக்கொள்கிறார்கள். உள்ளதை உனக்குச் சொல்கிறேன், அவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

நாம் இருவரும் அந்தச் சபைக்குப் போனதற்குக் காரணம் நான்தான். அம்மா கூட்டிப்போன பழைய கோயிலில் கடைசி பெஞ்சில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த எனக்கு, சபை கூடிய அந்த ஓட்டு வீட்டிலிருந்து வந்த கஞ்சிராச் சத்தமும் கைதட்டலும் பிடித்துப்போயிற்று. நீ எனக்காக வந்தாய். "இவ தனியா போய் எங்கயாவது மாட்டிக்குவா"ன்னு மாமாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தாய், எனக்குத் தெரியும். மாமா, உன் வீட்டுக்காரர், மில்லில் ஷிஃப்ட் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வாசலோரம் உட்காருவார். நகை கூடாது, பூ கூடாது, கலர் கூடாது, மருந்து கூடவே கூடாது. நோய் வந்தால் ஜெபம். மாத்திரை விழுங்குகிறவன் மனுஷனை நம்புகிறவன். பாஸ்டர் இதைச் சொல்லும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கண்ணாடி மட்டும் எப்படி மருந்தில் சேராது என்று நீ ஒருநாள் என் காதில் கேட்டாய். நான் உன்னைக் கிள்ளினேன். உன் கேள்விக்கு இன்று வரை பதில் கிடைக்கவில்லை அக்கா.

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்தச் சபைச் சகோதரிகள் நல்லவர்கள். எனக்குக் காமாலை வந்தபோது முறை போட்டுக்கொண்டு கஞ்சி கொண்டுவந்தார்கள். நீ படுத்தபோதும் அதே முறைதான். காவல் ஜெபம் என்று அதற்குப் பெயர். இரண்டு இரண்டு பேராக, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாறி, படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து பாட வேண்டும், ஜெபிக்க வேண்டும். சொந்தக்காரர்கள் பாசத்தில் எந்த மருந்தையும் உள்ளே கொண்டுவந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். உனக்குக் காவலாக முழு நேரமும் என்னை வைத்தார் பாஸ்டர். "தங்கச்சிதானே, நீதான் சரியா பாத்துக்குவே"ன்னார். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

டைபாய்டு என்று மில் டிஸ்பென்சரி டாக்டர் சொல்லிவிட்டார். அங்கே கொடுத்த மாத்திரைகளை மாமா ஒரு தாளில் மடித்து, டிஃபன் கேரியரின் மேல் அடுக்கில் வைத்துக் கொண்டுவந்தார். நான் எடுத்துவிட்டேன். பின்பக்கம் போய் சாக்கடையில் கொட்டிவிட்டு வந்து மாமாவிடம், "அக்கா வேணாம்னு கையால தட்டி விட்டுட்டா மாமா" என்றேன். வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஷிஃப்டுக்குப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் நீ கண் திறந்தாய். கூட இருந்த சகோதரி தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். "உங்க மாமா ஏதோ மாத்திரை கொண்டாந்தாரே, அதக் குடுடி ரூத்து. நான் பொழைக்கணும்டி" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "நில்லுக்கா, இன்னும் கொஞ்சம் விசுவாசத்துல நில்லு" என்றேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். கேட்பதை நிறுத்திவிட்டாய். மறுநாள் காலையில் போய்விட்டாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் என்னை எழுப்பினார்கள். நான் சொன்னேன்: என் அக்கா எஸ்தர் கடைசி மூச்சு வரை மருந்தைத் தொடவில்லை, கொண்டுவந்ததையும் தட்டிவிட்டாள். அல்லேலூயா என்று கூரை அதிர்ந்தது. மாமா வாசலோரத்திலிருந்து எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் சபைக்கு வரவே இல்லை, மில்லையும் விட்டுவிட்டுத் தங்கவயலில் இருக்கும் தன் அண்ணன் வீட்டோடு போய்விட்டார். பாஸ்டர் என் சாட்சியைத் துண்டுத்தாளாக அச்சடித்தார். "மருந்தைத் தள்ளிய மாதரசி" என்று தலைப்பு. மார்க்கெட் வாசலில், பஸ் ஸ்டாண்டில், ஈஜிபுரா வரை வீடு வீடாக, நானே கொடுத்திருக்கிறேன். உன் பெயரை எத்தனை பேர் கையில் வைத்தேன் என்று கணக்கே இல்லை.

இந்த வருடம் வெயில் காலத்தில் பாஸ்டர் மலைமேல் உபவாச ஜெபத்துக்குப் போயிருப்பதாக அறிவித்தார்கள். திரும்பி வரும்வரை அவருக்காக நாங்களும் ஒரு வேளைச் சாப்பாட்டை விட வேண்டும். விட்டேன்.

நான் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தலையணை உறை தைத்துக் கொடுக்கிறேன். மருந்து தொடாதவளுக்கு ஆஸ்பத்திரி வேலை என்று நீ சிரிப்பாய். தலையணை உறை மருந்தில்லை என்று பாஸ்டரே அனுமதி கொடுத்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை உறைக்கட்டை ஆண்கள் வார்டில் இறக்கி வைத்தேன். மூன்றாவது கட்டிலில், மலைமேல் உபவாசத்தில் இருக்கும் எங்கள் பாஸ்டர், ரொட்டியைப் பாலில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குடல் இறக்கத்துக்கு ஆபரேஷன் ஆகி ஆறு நாள்.

நான் அசையாமல் நிற்பதைப் பார்த்து நர்ஸம்மா, "ஏனம்மா, நிம்ம கடேயவரா?" என்றாள். உங்கள் ஆளா என்று கன்னடத்தில் கேட்கிறாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் ரொட்டியைக் கீழே வைத்தார். "ரூத்தா? யாரும்மா சொன்னது உனக்கு?"

"யாரும் சொல்லல பாஸ்டர். தலகாணி உறை குடுக்க வந்தேன்."

"உக்காரும்மா. இது எனக்காக இல்ல, கேளு. நான் விழுந்துட்டா ஊழியம் நின்னுடும். ஆடுங்கள்லாம் சிதறிப் போயிடும். அதான்."

"எங்கக்காவுக்கும் ரெண்டு மாத்திரை இருந்துச்சு பாஸ்டர்."

உடனே அவர் கண் கலங்கிவிட்டது. அது நடிப்பில்லை அக்கா, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "அவ ஜெயிச்சவ. சாவு பக்கத்துல நிக்கும்போதும் மருந்தத் தட்டி விட்டாளே! எனக்கு அந்த விசுவாசம் இல்லம்மா, ஒத்துக்கறேன். அவள நெனச்சுத்தான் தெனமும் அழறேன்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெளிய சொல்லாத. சின்ன விசுவாசிங்க இடறிப் போயிடுவாங்க. சபைக்காகம்மா" என்றார்.

என்னை ஏமாற்றியவரை நான் கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. எப்படிக் கேட்பேன்? நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லி நான்தானே அவரை அழவைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. திட்டு, நன்றாகத் திட்டு. சபையை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். உன்னைக் குளிப்பாட்டிப் பெட்டியில் வைத்த கைகள் அவர்களுடையவை. அந்தக் கைகளையெல்லாம் விட்டுவிட்டு, ஒரு தையல் மெஷினோடு நான் என்ன செய்வேன்? பாஸ்டர் இளைத்துத் திரும்பி வந்தார். மலை அனுபவத்தை ஒரு மணி நேரம் பிரசங்கித்தார். நானும் அல்லேலூயா சொன்னேன், மெதுவாக.

அதற்கு அடுத்த ஞாயிறு லில்லி எழுந்தாள். உனக்கு அவளைத் தெரியாது, நீ போன பிறகு வந்தவள், பீடி சுற்றுகிற வீட்டுப் பெண். தோளில் ஒன்றரை வயதுக் குழந்தை. ஒன்பது நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லை. கையில் நம்முடைய துண்டுத்தாள். "எங்க மாமியாரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போன்னு கத்தறாங்க. நான் போவல. எஸ்தரக்கா மாதிரி நானும் நிப்பேன். எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்றாள். அந்தக் குழந்தையின் தலை அவள் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. பாஸ்டர் கண்ணை மூடி, "ஸ்தோத்திரம்" என்றார்.

அவர் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் உட்கார்ந்தே இருந்திருப்பேன். ஆறு நாள் கட்டிலில் படுத்து ஊசி போட்டுக்கொண்ட மனுஷர், அந்தக் குழந்தையைப் பார்த்து ஸ்தோத்திரம் சொன்னார்.

எழுந்தேன். "எங்கக்கா மருந்து கேட்டா" என்றேன். யாருக்கும் புரியவில்லை. மறுபடி சொன்னேன். "எஸ்தர் மருந்து கேட்டா. நான் பொழைக்கணும்னு கேட்டா. தட்டி விட்டது அவ இல்ல, நான் சாக்கடைல கொட்டினேன். நான் சொன்ன சாட்சி பொய். லில்லி, கொழந்தையத் தூக்கிட்டுப் போ. பாஸ்டர், மீதிய நீங்க சொல்லுங்க. எந்த மலைக்குப் போனீங்கன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் சொல்வார் என்றுதான் நம்பினேன். அழத் தெரிந்த மனுஷர், எல்லார் முன்னாலும் ஒருமுறை அழுதுவிட்டால் போதுமே. அவர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு பாட்டை எடுத்துக்கொடுத்தார். கஞ்சிரா சேர்ந்தது, எல்லாரும் எழுந்து கைதட்டிப் பாடினார்கள். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. எனக்குக் கஞ்சி ஊற்றிய இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்து என்னை வாசலுக்கு வெளியே விட்டார்கள். பாடிக்கொண்டேதான் விட்டார்கள்.

சபையிலிருந்து விலக்கியாயிற்று. என்னோடு பேசக்கூடாது, என் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கக்கூடாது. அக்காவை இழந்த துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டதாம் எனக்கு. உன் துண்டுத்தாளை மறுபடி அச்சடித்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை காலையில் கதவைத் தட்டினாள் லில்லி. குழந்தையைப் போர்வையில் சுற்றியிருந்தாள். உள்ளே வரவில்லை.

"நெசமாவே கேட்டாங்களா?"

"கேட்டா."

"என்ன சொல்லிக் கேட்டாங்க? அப்படியே சொல்லுங்க."

அப்படியே சொன்னேன். குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "செருப்பப் போடுங்க, எனக்கு ஆஸ்பத்திரி வழி தெரியாது" என்றாள். பதினேழு நாள் அங்கே இருந்தாள். குழந்தை இப்போது என் மெஷினின் சக்கரத்தைப் பிடித்து நிற்கிறாள், நூலையெல்லாம் இழுத்து வைக்கிறாள்.

கடவுளையும் விட்டுவிட்டாயா என்று கேட்பாய். இல்லை அக்கா. தினமும் காலையில் ஜெபம் செய்ய உட்காருகிறேன். பாதியில் கோபம் வந்து எழுந்துவிடுகிறேன். மறுநாள் மறுபடி உட்காருகிறேன்.

போன வாரம் தங்கவயலுக்கு ரயில் ஏறினேன். மாமாவுக்குத் தலை நரைத்துவிட்டது. நடந்ததையெல்லாம் சொன்னேன், சாக்கடையையும் சேர்த்து. என்னை அடிப்பார், குறைந்தது வெளியே போ என்பார் என்று காத்திருந்தேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்போ நான் கொண்டாந்தத அவ வேணாம்னு சொல்லலியா?"

"இல்ல மாமா. 'உங்க மாமா கொண்டாந்தாரே, அதக் குடுடி'ன்னுதான் கேட்டா."

"என் பேரச் சொல்லியா கேட்டா?"

"ஆமா மாமா."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நான் கிளம்பும்போதும் திரும்பவில்லை. நான்கு வருடமாக அவர், தன் கையால் கொடுத்ததை நீ தள்ளிவிட்டுச் செத்தாய் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார் அக்கா. சபை எனக்குச் செய்தது துரோகம்தான், அதை எங்கே வேண்டுமானாலும் நின்று சொல்வேன். இதை அவருக்குச் செய்தது சபையில்லை.

மன்னிப்புக் கேட்கமாட்டேன். கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், உன் குணம் எனக்குத் தெரியும். ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன். அந்தத் தாளை நான் எந்தெந்த வீட்டில் கொடுத்தேனோ அந்தந்த வீட்டுக்கு இந்தப் பச்சைப் புடவையோடு திரும்பப் போவேன். கதவைச் சாத்தினால் வெளியே நின்று சொல்வேன். என் அக்கா மாதரசி இல்லை, முப்பத்திரண்டு வயதுப் பெண், புருஷன் கொண்டுவந்த மாத்திரையைக் கேட்டாள், பிழைக்க ஆசைப்பட்டாள் என்று சொல்வேன்.

நீ கேட்டும் கொடுக்காமல் போன உன் தங்கை,
ரூத்