ஒரே அடுப்பில் இரண்டு பலகாரம்

இன்று காலை சமையலறை அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்த என் மனைவி, பின்னடுக்கிலிருந்து உன் தண்ணீர்க் குப்பியை எடுத்து வந்தாள். பச்சைப் பெயின்ட் உதிர்ந்த எவர்சில்வர் குப்பி.

"உங்க டில்லிக் கூட்டாளியோடதுங்க. மூடி இறுகிப் போச்சு. பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுரட்டுங்களா?"

"வேண்டாம், வை" என்றேன். நான் சொன்ன வேகத்தில் அவள் குப்பியைச் சட்டென்று மேடைமேல் வைத்துவிட்டாள்.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இறந்துபோனவன் மேல் பொறாமைப்படுகிறவனை நான் பார்த்ததில்லை. ஆனால் நான் படுகிறேன். உன்னிடம் மறைத்து இனி என்ன ஆகப்போகிறது?

வடகரப்பதியிலிருந்து பாலக்காட்டுக் கல்லூரிக்கு ஒரே பஸ்ஸில் போனோம். அடக்கவிலைக் கணக்கில் நான்தான் முதல். நீ தேறியதே என் நோட்டைப் பார்த்துத்தான். பிறகு மத்திய அரசுத் தேர்வை ஒன்றாக எழுதினோம். நீ தேர்வாகி டில்லிக்குப் போனாய். நான் பக்கத்துப் பள்ளியில் வணிகவியல் வாத்தியார் ஆனேன். ஐம்பத்தாறு வயதில் கேரளம் எனக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பியது. உனக்கோ அறுபது வரை நாற்காலி. அதையும் மனதில் குறித்து வைத்துக்கொண்டேன்.

உன் வேலை என்னவென்று ஊரில் யாராவது கேட்டால் நான்தான் உதாரணம் சொல்வேன். வெளியூர்க்காரன் ஒருவன் தன் சந்தையில் முப்பது ரூபாய்க்கு விற்கிற தக்காளியை நம் வேலந்தாவளம் சந்தைக்குக் கொண்டுவந்து பதினைந்துக்குக் கொட்டுகிறான். வாங்குபவருக்குச் சந்தோஷம். நம் தோட்டக்காரன் ஒரு வருடம் தாங்குவான், மறு வருடம் செடியைப் பிடுங்கிப் போடுவான். அதற்குப் பிறகு விலை வந்தவன் சொன்னதுதான். அப்படிக் கொட்டப்படுகிற வெளிநாட்டுச் சரக்கை விசாரித்து, கூடுதல் வரி போடலாமா என்று அரசுக்குச் சொல்வது உன் வேலை. "புதுசா வர்றவங்களுக்கெல்லாம் உன்ர தக்காளியத்தாண்டா சொல்றேன்" என்று ஒருமுறை போனில் சொன்னாய். நீ பாராட்டாகத்தான் சொன்னாய். எனக்கோ, என் தக்காளிகூட டில்லி போய்விட்டதே என்றுதான் இருந்தது.

நான் ஓய்வு பெற்ற வருடம் நீ கஞ்சிக்கோட்டுக்கு வந்தாய். இரும்பறுக்கும் பிளேடும் அரமும் செய்கிற தொழிற்சாலை. வெளிநாட்டு பிளேடு மலிவாக வந்து இறங்கியதில் ஒரு ஷிப்ட் நின்றுபோயிருந்தது. என்னிடம் படித்த பலருக்கு அங்கேதான் சோறு. ஒரு வருடத்துக்குள் நீ விசாரணையை முடிக்க வேண்டும். கெடு தாண்டினால் வரியும் இல்லை, அந்த வேலைகளும் இல்லை.

காரும் டவாலி போட்ட சேவகனுமாக வருவாய் என்று நினைத்துக்கொண்டு தொழிற்சாலை கேட்டில் போய் நின்றேன். நீ ஆட்டோவில் வந்து இறங்கினாய், ஒரு துணிப்பை நிறைய ஃபைல்களோடு, தனியாக. இரண்டு பேர் வர வேண்டிய வேலை அது: விசாரிக்க ஒருவர், அடக்கவிலையைப் பிரித்துப் பார்க்க ஒருவர். நான் இரக்கப்பட்டிருக்கலாம். ஆனால் மானேஜர் உனக்காகக் கதவைத் திறந்து பிடித்ததுதான் என் கண்ணில் பட்டது.

"சார், உங்க சிநேகிதருக்கு எளநி வெட்டி வெச்சமுங்க, தொடவே இல்லீங்க" என்றான் கேட்டில் நின்ற என் பழைய மாணவன். "குப்பித் தண்ணியத்தான் குடிக்கறாருங்க. நம்மூர்க்காரருக்கு இத்தனை வீம்பு ஆகுமுங்களா?" விசாரிக்க வந்தவன் எந்தத் தரப்பிலும் கை நனைக்கக் கூடாது என்று அவனுக்கு விளக்கிய நானே உள்ளுக்குள் குமைந்தேன். ஓர் இளநீரை வேண்டாமென்று சொல்லும் அளவுக்குக்கூட எனக்கு ஒரு பதவி வாய்க்கவில்லையே!

மூன்றாம் நாள் மாலை ரயிலுக்குப் போகும் வழியில் என் வீட்டுக்கு வந்து இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தாய்.

"ஏண்டா, கூட ஒரு ஆள்கூட இல்லையா?" என்றேன்.

"நாற்காலி இருக்கு, ஆள் இல்லை. அடக்கவிலை பாக்கறவரு மாத்தலாகிப் போனாரு, அந்த எடத்துக்கு இன்னும் ஆள் போடலை. பயணச் செலவும் எழுதி எழுதி ஒருத்தருக்குத்தான் கெடைச்சுது." பிறகு என் முகத்தைப் பார்த்தாய். "ரிட்டயர் ஆனவங்கள ஒப்பந்தத்துல எடுக்கறாங்க. நீ வாடா. இந்த ஃபைலைத் தரமாட்டேன், உன்கிட்டப் படிச்ச பசங்க இங்க வேலையில இருக்காங்க. மத்த ஃபைலைப் பாரு, நான் இதைப் பாக்கறேன்."

"டில்லிக் குளுரு ஆகாதுடா. முட்டி வலி."

"கேட்டுக்கு மூணு நாளும் சைக்கிள்ல வந்தியே, அது ஆரோட முட்டி?"

என் மனைவி சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. காலியாக இருந்தது என் பாடத்துக்கான நாற்காலி. ஆனால் அது உனக்குக் கீழே இருந்தது. உனக்குப் புரிந்திருக்கும். அவசரமாக எழுந்து போனாய், குப்பியை மறந்துவிட்டாய்.

கெடுவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது உன் போன் வந்தது.

"ஃபைல்ல இருக்கறதைச் சொல்லக் கூடாது. ஆனா ஒரே அடுப்புல முறுக்கும் அதிரசமும் சுடறே, வெறகுச் செலவை எப்படிடா பிரிப்பே?"

பிளேடுக்கும் அரத்துக்கும் ஒரே உலை என்பது எனக்கு உடனே புரிந்தது. பதிலும் நாக்கு நுனியில் இருந்தது. "ஏன், டில்லியில இதுக்குக்கூட ஆள் இல்லையா?" என்றேன்.

"அதுக்குத்தானே உன்னைக் கூப்பிட்டேன்."

"புஸ்தகத்துல இருக்கும், பாரு" என்று வைத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் மளிகைக் கடையில் அதே பழைய மாணவனைப் பார்த்தேன். "சார், இன்னொரு ஷிப்டும் நிக்கப் போகுதாமுங்க" என்றான். சாமானை அங்கேயே வைத்துவிட்டு வந்து உனக்குப் போன் செய்தேன்.

"எடையைப் பாக்காதே. எது எத்தனை நேரம் அடுப்புல இருந்துச்சுன்னு பாரு. நேரத்தை வெச்சுப் பிரி."

கொஞ்ச நேரம் பென்சில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "ரெண்டு நாளா எடைய வெச்சுத்தாண்டா போட்டுட்டு இருந்தேன்" என்றாய். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கெடுவுக்குள் முடித்தாய். வரி வந்தது. எல்லோரும் படிக்கலாம் என்று வெளியிட்ட அறிக்கையின் பிரதி ஒன்றை எனக்குத் தபாலில் அனுப்பினாய். கூட ஒரு துண்டுக் கடிதம்கூட இல்லை. உலைச் செலவு ஓடிய நேரப்படி பிரிக்கப்பட்டது என்று ஒரு வரி அதில் இருந்தது. என் வாக்கியம், உன் கையெழுத்துக்கு மேலே. எத்தனை முறை படித்தேன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன்.

சில மாதங்களில் உன் இதயம் நின்றுபோனது. அறுபதுகூட ஆகவில்லை. உன் நாற்காலிக்கும் இன்னும் ஆள் வரவில்லை என்று உன் மனைவி போனில் சொன்னார்.

தொழிற்சாலை பஸ் இப்போதும் காலையில் என் வீட்டு முன்னால்தான் போகிறது. ஜன்னலில் தலையை நீட்டி "சார்!" என்று கூப்பிட்டு வணக்கம் வைக்கிறார்கள். அந்த பஸ் ஓடுவதே உன்னால்தான், ஆனால் உன் பெயர் அவர்களுக்குத் தெரியாது. இளநீரைத் தொடாத ஆள், அவ்வளவுதான். அந்த வணக்கத்தை, யார் எத்தனை நேரம் அடுப்படியில் நின்றோம் என்று பார்த்துப் பிரித்தால், என் பங்குக்கு இரண்டு நிமிடம் தேறாது.

தெரிந்தும், முழுவதையும் நானே வாங்கிக்கொள்கிறேன்.