உருண்டையில்லாத சட்டமன்றம்

அன்புள்ள அம்மாவுக்கு,

லெனோரா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உங்கள் மருமகன் ஆர்வில்லும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

உருண்டைக் கூரை வைத்த மாநிலச் சட்டமன்றங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கணக்கெழுதும் இவர் பயணத்தில், இன்று வடக்கு டகோட்டா சட்டமன்றத்துக்கு வந்து சேர்ந்தோம். நெட்டையான பெட்டி போல் நிற்கிறது. ஆர்வில் காரைவிட்டே இறங்கவில்லை.

"மேல உருண்டையே இல்ல, இது கணக்குல சேராது. மொன்டானாவுக்குப் போயிடலாம்."

"அடுத்த ஞாயிறு தங்கச்சி எட்னா குழந்தைக்கு ஞானஸ்நானம். திரும்பிடலாம்ங்க. சட்டமன்றம் எங்கயும் ஓடிடாது."

"குழந்தையுந்தான் ஓடாது. அதுக்கு இன்னும் நடக்கவே தெரியாதே."

எனக்கு அலுத்துவிட்டது, அம்மா. குழந்தையின் வெள்ளை கவுனைத் தேய்த்து வையுங்கள். ஜெபக்கூட்டத்தில் என் நாற்காலியை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்.

இப்போது விடுதி அறையில் அவர் கட்டிலடியில் கார்ச்சாவியைத் தேடுகிறார். வீட்டுக்குத் திரும்பச் சம்மதித்தால் எடுத்துக் கொடுப்பேன். அது என் வேதாகமத்துக்குள் இருக்கிறது. அங்கே அவர் தேடமாட்டார்.

மகள்,
லெனோரா