உங்கள் பையை வேறொருவர் தூக்கி வந்தார்

வெள்ளலூர்,
13.3.1995

அன்புள்ள மாமாவுக்கு,

செவ்வந்தி எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது, கால் கொப்புளம் ஆறியதா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். ஆனால் நேற்று மத்தியானத்திலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. சோற்றில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். அதனால் விசாரிப்பைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். உங்களை டிவியில் பார்த்தோம், மாமா.

கோலாலம்பூர் போட்டியின் கடைசி நாள் ஆட்டத்தைக் காட்டப்போகிறார்கள் என்று கேபிள்காரர் பாலகோபால் அண்ணன் சனிக்கிழமையே வந்து சொல்லிவிட்டார். நம் பெட்டியில் அந்த விளையாட்டுச் சேனல் எடுக்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமை வழக்கமாகப் படம் ஓட்டும் சேனலில் கோல்ஃபைப் போட்டுவிட்டார். தெருவே சண்டைக்கு வந்தது. "ஏனுங்க, படத்தைக் காணோம், வெறும் புல்லையே காட்டறீங்க?" என்று கேட்டவர்களிடம், "நம்ம கதிரேசன் ஆடறாருங்க, சித்த பொறுங்க" என்று சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. கேட்க வந்தவர்களும் கடைசியில் நம் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

வெகு நேரம் உங்களைக் காணவில்லை. யார் யாரோ வந்தார்கள், அடித்தார்கள், நடந்தார்கள். டிவியில் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர் ரகசியம் சொல்வது மாதிரியே பேசிக்கொண்டிருந்தார். உங்கள் ஆத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "எழவூட்டுல பேசறாப்பல ஏன் கண்ணு இத்தனை கமுக்கமாப் பேசறாங்க?" என்று கேட்டார்கள். அதையும் கமுக்கமாகத்தான் கேட்டார்கள். அந்த ஆளைப் பார்த்து வீடு முழுக்கக் கிசுகிசுவென்று பேச ஆரம்பித்துவிட்டது.

அப்புறம் பெயர்கள் வரிசையாக வந்தன. பாலகோபால் அண்ணன் எழுத்துக்கூட்டி உங்கள் பெயரைக் கண்டுபிடித்தார். பக்கத்தில் ஐந்து என்று போட்டு முன்னால் கழித்தல் குறி. உங்கள் அய்யன் முகம் சுண்டிவிட்டது. "பையன் தோத்துப்போட்டானா அம்மணி?" என்றார். இந்த ஆட்டத்தில் குறைவாக அடித்தவர்தான் முன்னால் நிற்பவர் என்று அண்ணன் விளக்கினார். "கம்மியா வேலை செஞ்சாத்தான் கெட்டிக்காரனா? இது தெரியாம வருசமெல்லாம் மம்பட்டி புடிச்சுப்போட்டனே" என்று அய்யன் சொல்ல, எல்லோரும் சிரித்தோம்.

சிரிப்பு அடங்குவதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள். மணல் குழிக்குள் இறங்கி நின்றிருந்தீர்கள். எங்களுக்குப் பந்தே தெரியவில்லை. மணல் எழும்பியது, பந்து வெளியே வந்து புல்லில் மெதுவாக உருண்டு, கொடிக் கம்பத்தடிக் குழியில் போய் விழுந்தே விட்டது. வீட்டில் போட்ட கூச்சலில் பக்கத்துத் தெரு நாய்களெல்லாம் குரைத்தன. ஆத்தா பிடித்த பிடியில் என் தோள் இன்னும் கன்றிப்போய் இருக்கிறது.

நீங்கள் சிரித்துக்கொண்டே மேலே ஏறி வந்தீர்கள். பின்னால் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் உங்கள் மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். கூச்சல் போட்டுக்கொண்டிருந்த அய்யன் சட்டென்று நிறுத்திவிட்டார். "நம்ம பையனோட பையை ஒருத்தர் தூக்கியாறாரு பாரு" என்றார். துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். சின்ன வயதிலிருந்து நீங்கள் கோல்ஃப் கிளப்பில் அடுத்தவர் பையைச் சுமந்து, அவர்களுக்குப் பின்னால் தலையைக் குனிந்து நடந்ததைத்தானே நாங்கள் பார்த்திருக்கிறோம்? நேற்று நீங்கள் முன்னால் கையை வீசிக்கொண்டு நடந்தீர்கள். எனக்கும் அழுகைதான். வீடு நிறைய ஆட்கள் இருந்ததால் காபி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

இனி நீங்கள் கோபப்படப்போகும் சேதி. உட்கார்ந்து படியுங்கள்.

கிளப்பில் பை தூக்குகிறவர்களை மேய்க்கும் கேடி மாஸ்டர் வேலையை உங்களுக்கென்று வைத்திருக்கிறார்களே, அதற்குப் புதன்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "நான் செயிச்சாலும் தோத்தாலும் நீ போயிச் சரின்னு சொல்லிப்போடு" என்று ஊருக்குப் போகும்போது சொன்னீர்கள். இன்று காலை போனேன். செயலாளர் வரதராஜுலு சாரும் டிவி பார்த்திருக்கிறார். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். "அவரு வரமாட்டாருங்க சார், வேற ஆருக்காச்சும் குடுத்துப்போடுங்க" என்று சொன்னேன். "அவர்கிட்டக் கேட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். பிறகு வந்து கேட்டால் இடம் இருக்காது என்று நல்லவிதமாகத்தான் சொன்னார். தெரியும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, மாமா. பஸ் ஸ்டாப்பில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் ஆசைப்படும் நிரந்தர வேலை. ஆனால் அதில் சேர்ந்தால் யார் பையை யார் தூக்குவது என்று ஆட்களை அனுப்பிக்கொண்டே உங்கள் காலம் போய்விடும். கல்யாணமான இத்தனை வருடத்தில் நீங்கள் நேற்றுச் சிரித்த மாதிரி சிரித்து நான் பார்த்ததில்லை. நான் மில்லுக்குப் போகிறேன், அய்யனும் சும்மா உட்காருகிறவர் இல்லை. நம் வீட்டில் அடுப்பு எரியும்.

வியாழக்கிழமை பாங்காக்கில் ஆட்டம் தொடங்குகிறது. அதற்குள் நீங்கள் போன் செய்தால் இதைப் பற்றி மூச்சு விடமாட்டேன். கிளப்புக்குப் போனாயா என்று கேட்டால் லைன் சரியில்லை என்று வைத்துவிடுவேன். வேலை கைவிட்டுப் போனது தெரிந்தால் உங்களுக்கு அடி சரியாக விழாது. பாங்காக்கில் இரண்டாம் நாளோடு பாதிப் பேரைக் கழித்துவிடுவார்கள், தேறினால் அடுத்த வாரம் மணிலா, இல்லாவிட்டால் நேரே வீடு என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதனால் இந்தக் கடிதத்தைப் பாங்காக்குக்கு அனுப்பவில்லை. மணிலாவுக்கே அனுப்புகிறேன்.

இதை நீங்கள் படிக்கிறீர்கள் என்றால் தேறிவிட்டீர்கள். மாசாணியம்மன் துணை இருப்பாள். வேளைக்குச் சாப்பிடுங்கள். என்னைத் திட்ட வேண்டுமானால் அங்கிருந்தே நன்றாகத் திட்டுங்கள். வெளியூர் போன புருஷனுக்கு எல்லோரும் சீக்கிரம் வந்துவிடுங்கள் என்றுதான் எழுதுவார்கள். நீங்கள் சீக்கிரம் வந்துவிடாதீர்கள், மாமா.

உங்கள்
செவ்வந்தி