அமிர்தவல்லியின் மைனஸ் மூன்று

நோக்கல் எண் 12
1 ஏப்ரல் 1997, செவ்வாய்க்கிழமை, மாலை 7.05

அணுபுரத்துத் தெருவிளக்குகளுக்கு அப்பால், ஏரிக்கரை. வடமேற்கில் ஹேல்-பாப் வால்மீன். தலைப்பகுதி காபெல்லா விண்மீனைவிடச் சற்று மங்கல். மார்ச்சில் சதுரங்கப்பட்டினக் கடற்கரையில் விடியற்காலையில் வேறு விண்மீன்களோடு ஒப்பிட்டபோதும் மங்கல் என்றே குறித்தேன். வெறுங்கண் நோக்கல், என் கண்கள் தூரத்துக்கு இன்னும் கூர்மையானவை.

அமிர்தவல்லி உடன் வந்தாள். 1986-இல் ஹாலி வால்மீனைப் பார்க்கவும் வந்தாள்; கொட்டாவி விட்டாள். இம்முறை ஏரிக்கரை முழுவதும் என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

ஆட்டோ ராமதாஸ்: "இன்னா அண்ணாத்த, அண்ணிய இட்டுகினு தெனிக்கும் இருட்டுல வந்துகினு கீற! சினிமாக்குப் போனா இன்னா?"

"நல்லாக் கேளு ராமதாஸ்" என்றாள் என் மனைவி.

3 ஏப்ரல் 1997, வியாழக்கிழமை

சென்னையில் எங்கள் வால்மீன் நோக்கர் குழுவின் நோக்கல்களைத் தொகுக்கும் பக்தவத்சலத்திடமிருந்து கடிதம். என் வெளிச்ச மதிப்பீடுகள் அனைத்தும் மற்றவர்களுடையவற்றைவிடக் குறைவாம். புள்ளியாகத் தெரியும் விண்மீனோடு ஒப்பிட்டால் புகைபோல் பரந்த வால்மீன் மங்கலாகத்தான் படும்; விண்மீனையும் அதே அளவுக்குப் பரத்திப் பார்க்க வேண்டுமாம்.

நியாயம்தான். ஆனால் எப்படிப் பரத்துவது? குவியத்தைக் கலைத்துப் பார்க்க என்னிடம் ஒரு பைனாகுலர்கூட இல்லை.

4 ஏப்ரல் 1997, வெள்ளிக்கிழமை, மாலை 7.10

ஆட்டோப் புழுதி. அமிர்தவல்லி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தவள், அப்படியே அண்ணாந்து பார்த்தாள்.

"ஏங்க, இப்ப எல்லா நட்சத்திரமும் உங்க வால்மீன் மாதிரியே பஞ்சு பஞ்சா இருக்கு!"

பக்தவத்சலம் கேட்ட பரத்தல் இதுதான்! அவளுக்கு வலக்கண்ணில் புரை, ஆனால் இடக்கண்ணில் வெறும் கிட்டப்பார்வை, பவர் மைனஸ் மூன்று!

"எதுக்கு வெளிச்சம் அதிகம்? காபெல்லாவுக்கா?"

"அது ரெண்டாவதுதான். வால்மீன்தான் ஜாஸ்தி. இதுல என்ன சந்தேகம்?"

பன்னிரண்டு நோக்கல்களும் பிழை.

5 ஏப்ரல் 1997, சனிக்கிழமை

செங்கல்பட்டில் அவளுக்கு வலக்கண் புரை அறுவை சிகிச்சை வரும் செவ்வாய்க்கிழமை, 8-ஆம் தேதி. அதன்பின் ஒரு மாதம் காற்றிலும் புழுதியிலும் வெளியே போகக்கூடாது. நிலவில்லாத நல்ல வானமோ இந்த வாரம்தான். அறுவையை மே மாதத்துக்குத் தள்ளலாமா என்று கேட்டேன்.

மகள் சங்கரி பொரிந்து தள்ளிவிட்டாள். "ஏம்பா, அம்மா கண்ணு உனக்கு டெலஸ்கோப்பா?"

அமிர்தவல்லி மெதுவாகச் சொன்னாள்: "தள்ளலாங்க. ஆனா இருட்டுல தரை எங்க இருக்குன்னே தெரியல. உங்க கையப் புடிச்சுக்கிட்டுத்தான் காலே வைக்கிறேன்."

அதற்காகவா? நான் அன்பு என்றல்லவா...

கேட்டே விட்டேன்.

"அதுவுந்தான்" என்றாள்.

6 ஏப்ரல் 1997, ஞாயிற்றுக்கிழமை

8-ஆம் தேதியே அறுவை. மாற்றமில்லை. நோக்கல் நிறுத்தம்.

8 ஏப்ரல் 1997, செவ்வாய்க்கிழமை

நல்லபடியாக முடிந்தது. கட்டுப் போட்ட கண்ணோடு படுத்திருந்தவள் கேட்ட முதல் கேள்வி: "வானம் தெளிவா இருக்கா?"

மேகமூட்டம் என்றேன். ஒரு துண்டு மேகம்கூட இல்லை.

10 ஏப்ரல் 1997, வியாழக்கிழமை

வீடு திரும்பினோம். வழியிலேயே குட்டு வெளிப்பட்டது.

"மேகமே இல்லியாமே! ராமதாஸ் சொன்னான். எதுக்குப் பொய்?"

வீட்டுக்கு வந்ததும் தன் மூக்குக்கண்ணாடியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"கட்டுப் பிரிக்கிற வரைக்கும் எனக்கு இது வேணாம். நீங்க போட்டுக்கிட்டுப் பாருங்க. சங்கரி சின்னப் புள்ளையில இதப் போட்டுக்கிட்டு ஓடி செவுத்துல முட்டிக்கல? உங்களுக்கும் பஞ்சாத்தான் தெரியும்."

இவ்வளவு எளிய காரியம்! எனக்குத் தோன்றியது அறுவையைத் தள்ளுவது மட்டும்தான்.

மாலை 7.15, ஏரிக்கரை. வலக்கண்ணை மூடிக்கொண்டு இட வில்லை வழியே பார்த்தேன். காபெல்லா பஞ்சாயிற்று. அவள் சொன்னது சரி: வால்மீனுக்கே வெளிச்சம் அதிகம். ராமதாஸ் சிரித்துக்கொண்டே இருந்தான். எனக்கு வேறொன்று தோன்றிற்று. காலையில் கண்ணாடியைத் தேடி எடுக்குமுன், என் முகமும் அவளுக்கு இப்படிப் பஞ்சாகத்தானே இருந்திருக்கும்? அப்படியும் தினமும் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

12 ஏப்ரல் 1997, சனிக்கிழமை, காலை 9.30

பக்தவத்சலத்துக்குப் பதிவுத் தபால். இணைத்தவை:

1. நோக்கல்கள் 1 முதல் 12 வரை ரத்துசெய்யும் வேண்டுகோள்.
2. நோக்கல் 13, ஏப்ரல் 4. நோக்கியவர்: திருமதி அமிர்தவல்லி.
3. நோக்கல்கள் 14, 15, ஏப்ரல் 10, 11. நோக்கியவர்: அடியேன். கருவி: மேற்படியாரின் மூக்குக்கண்ணாடி, இட வில்லை, மைனஸ் மூன்று.
4. மேற்படியாரைக் குழுவில் உறுப்பினராகச் சேர்க்க விண்ணப்பம். கையெழுத்து சற்றுக் கோணல். கட்டு இன்னும் பிரிக்கவில்லை.