பூஜையில் வைக்காத பென்சில்

7 அக்டோபர் 2008, செவ்வாய்

பக்கத்து வீட்டு ஸ்ரீநிவாசராகவன் வங்கியின் கணினிப் பிரிவில் இருக்கிறார். அதாவது, கணினி கெட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்தவர். காலையில் காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

"பயாஸ்ல செக்யூரிட்டி போட்டீங்களா சார்? போடலைன்னா விண்டோஸ் பாஸ்வேர்டெல்லாம் சும்மா."

விண்டோஸ் விழிப்பதற்கு முன்பே விழித்துக்கொள்வதுதான் பயாஸாம். எங்கள் லேப்டாப்பில் திருடத் தகுந்தது ஒன்றே ஒன்று: என் மனைவி ஜோதியின் எம்.எட். ஆய்வேடு. தொண்ணூற்றிரண்டு பக்கம். 'எட்டாம் வகுப்பு மாணவரிடையே பொய் சொல்லும் பழக்கம்'. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். நூலகன் என்ற முறையில் சொல்கிறேன், இதை யாரும் திருட மாட்டார்கள். இருந்தாலும் மனம் உறுத்துகிறது.

8 அக்டோபர், புதன். சரஸ்வதி பூஜை

இன்று படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. பேனாக்கள் எல்லாம் பூஜையில். லேப்டாப்புக்கும் சந்தனம், குங்குமம், மேலே ஒரு செவ்வந்தி. இதை எழுதுவது அலமாரிக்குப் பின்னால் கிடந்த பென்சிலால். அதைப் பூஜையில் வைக்கவில்லை. ஆகவே குற்றம் பாதிதான்.

மறுபாதி இது: சாயங்காலம் ஜோதி மாடம்பாக்கம் கோயிலுக்குப் போனாள். நான் செவ்வந்தியை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு பயாஸுக்குள் நுழைந்தேன். செக்யூரிட்டி பக்கத்தில் பதினோரு வரிகள். பாதுகாப்பு அதிகமானால் கெடுதல் இல்லை என்ற கொள்கைப்படி பதினொன்றையும் மாற்றினேன். சேமிக்கவா என்று கேட்டது. ஆம் என்றேன்.

திரை கறுத்தது. விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, படம் மட்டும் இல்லை. அணைத்துப் போட்டாலும் அதே கறுப்பு. முழுப் பாதுகாப்பு. நானே உள்ளே போக முடியவில்லை.

மூடினேன். செவ்வந்தியை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

9 அக்டோபர், வியாழன். விஜயதசமி

நல்ல நேரம் பார்த்துத்தான் ஜோதி லேப்டாப்பைத் திறந்தாள்.

"ஏங்க, இங்க வாங்களேன். ஒண்ணுமே வரலை."

போனேன். ஆச்சரியப்பட்டேன். நன்றாகவே ஆச்சரியப்பட்டேன் என்று நினைக்கிறேன்.

"சந்தனத்தைத் தண்ணியா கரைச்சுட்டேன். உள்ள இறங்கிடுச்சு போல. என் கையாலயே கெடுத்துட்டேனே..."

"இருக்கலாம்" என்றேன்.

இருக்கலாம் என்பது பொய்யா? உலகத்தில் எதுவும் இருக்கலாம். — இல்லை. பொய்தான்.

முதல் நாற்பது பக்கம் அச்செடுத்தது இருக்கிறது. மீதி வேறெங்கும் இல்லை. "பென் டிரைவ்ல போடுன்னு நீங்க சொன்னீங்க, நான்தான் கேக்கலை" என்று எனக்கு நற்சான்றிதழ் வேறு.

10 அக்டோபர், வெள்ளி

ஈரத்தை அரிசி இழுக்கும் என்று ஜோதி வேலை பார்க்கும் பள்ளியின் ஸ்டாஃப் ரூமில் சொன்னார்களாம். லேப்டாப் அரிசி டிரம்மில் இருக்கிறது. சாதத்தில் சந்தன வாசனை.

நாற்பத்தோராம் பக்கத்திலிருந்து நினைவிலிருந்தே கையால் எழுதத் தொடங்கிவிட்டாள். நடுவிரலில் பிளாஸ்திரி. இரண்டு முறை வாயைத் திறந்தேன். ஒரு முறை காபி வேண்டுமா என்று கேட்டேன். மறுமுறை கொட்டாவி.

11 அக்டோபர், சனி

முடிச்சூர் ரோட்டில் ஜெயவேலுவின் ரிப்பேர் கடை. திருகாணிகளைக் கழற்றிக் கவிழ்த்தார்.

"இன்னாக்கா, அரிசி கொட்டுது?"

ஜோதி சந்தனக் கதையைச் சொன்னாள். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். பொத்தான் அளவு பேட்டரி ஒன்றை உள்ளேயிருந்து கழற்றினார், ஒரு டீ குடித்தார், மறுபடி மாட்டினார். திரை வந்தது. தேதி 1 ஜனவரி 2002 என்றிருந்தது. அவ்வளவுதான்.

"சந்தனமும் இல்ல, ஒரு மண்ணும் இல்லக்கா. சும்மா பேஜாராவாதீங்க. இந்தக் குட்டி பேட்டரிய கயட்னதும் சரியாச்சுன்னா செட்டிங் கோளாறுதான். யாரோ பயாஸ் உள்ள பூந்து செக்யூரிட்டில கைய வெச்சிக்கீறாங்க. யாரு?"

ஜோதி திரும்பிப் பார்த்தாள். மின்வெட்டு, வைரஸ் இரண்டும் தயாராக இருந்தன. ஸ்ரீநிவாசராகவன் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. அவள் கையில் பிளாஸ்திரி தெரிந்தது.

"நான்தான்."

"எப்போ?"

"புதன்கிழமை. நீ கோயிலுக்குப் போனப்போ."

"பூஜைலேர்ந்து எடுத்தா?" என்றாள். பிறகு, "ரெண்டு நாளா நான் அழுதுகிட்டு எழுதறேன். காபி வேணுமான்னு கேட்டீங்க."

அழுதாளா? எனக்குத் தெரியாது.

ஜெயவேலு ஸ்டூலைக் காட்டினார். "சார், நீ இப்டி ஓரமா குந்து. எதையும் தொடாத."

தொண்ணூற்றிரண்டு பக்கமும் பத்திரம். ஷேர் ஆட்டோவில் லேப்டாப் அவள் மடியில். தாம்பரம் ஸ்டேஷன் வரை பேசவில்லை. அதற்குப் பிறகும்தான். பென்சிலைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

13 அக்டோபர், திங்கள்

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். பேச்சு இன்னும் இல்லை. முடிவுரையில் புதிதாக ஒரு வரி: 'இப்பழக்கம் படித்த பெரியவர்களிடமும் காணப்படுகிறது. ஆதாரம்: நேரடிக் கவனிப்பு.'

28 செப்டம்பர் 2009, திங்கள். விஜயதசமி

நேற்று எழுதவில்லை. எழுத முடியவில்லை. பூஜையில் லேப்டாப், பேனாக்கள், பக்கத்தில் வீட்டிலுள்ள பென்சில்கள் அத்தனையும், ஒவ்வொன்றுக்கும் குட்டியாக ஒரு குங்குமப் பொட்டோடு. அலமாரிக்குப் பின்னால் கிடந்ததும்கூட. அதைப் பற்றி இந்த நோட்டைத் தவிர வேறெங்கும் நான் மூச்சு விட்டதில்லை.

காலையில் அந்தப் பென்சிலின் பொட்டைப் புடவைத் தலைப்பால் துடைத்து ஜோதியே நீட்டினாள்.

"எழுதுங்க. நான் அப்புறமா படிச்சுக்கறேன்."